பழகுவதற்கு ஒரு பூட்டு

சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கத் தெரியும் என்று நான் சொன்னால், எதிரே இருப்பவர் முதலில் தன் கைப்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். அப்புறம்தான் சிரிக்கிறார். பார்த்துக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது? நான் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரே ஒரு கதவைத் திறந்தேன். அதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போகிறது. கர்வம் பிடித்தவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்துத்தான் இருக்கிறது.

இல்லத்தில் பகல் ஷிஃப்டுக்கு நான்தான் பொறுப்பு. தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, திட்டு வாங்குவது, திருப்பித் திட்டுவது எல்லாம் என் வேலை. கடைசி வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதனால் அங்கே எனக்குப் 'பட்டாசு' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரே நீளத் தாழ்வாரம், இரண்டு பக்கமும் அறைகள். கதவுக்கு உருண்டைக் கைப்பிடி. உள்ளே கைப்பிடியின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். அந்தச் சாவி அறைக்காரரிடம் மட்டும்தான். முன்பெல்லாம் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை அடித்து எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி மாட்டி வைத்திருந்தார்களாம். ஓர் அம்மாவின் மோதிரம் காணாமல் போனது. யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. பலகையில் சாவி தொங்கினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே? ஒவ்வொருவராகத் தங்கள் செலவில் பூட்டை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆபீஸில் சாவி கொடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கேப்டன் விழுந்தார். கப்பலிலோ பட்டாளத்திலோ இருந்தவர் இல்லை, கால்பந்துக் கோஷ்டிக்குக் கேப்டனாக இருந்தவராம், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது சறுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, உள்ளேயே கிடந்தார். கதவு பூட்டியிருந்தது. தச்சரைக் கூப்பிட ஆள் போய், அவர் வந்து, உளி வைத்து, சுத்தியலால் அடித்து, கைப்பிடியைப் பெயர்த்து... அதற்குள் அவர் உள்ளே முனகிய முனகல் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டே இருந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் படுத்த படுக்கையாகிவிட்டார்.

அந்த வாரமே மேனேஜர் சாப்பாட்டு ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இந்த மாசத்தோட எல்லா ரூம் பூட்டையும் எடுத்துடறோம். கதவு இருக்கும், சாத்திக்கலாம். பூட்ட முடியாது, அவ்வளவுதான்."

கணக்கு டீச்சர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஆள் ஒல்லி. குரல் மட்டும் கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

"அப்ப அது கதவு இல்ல சார். திரைச்சீலை."

"டீச்சரம்மா, கேப்டன் கதவ உடைக்கற வரைக்கும் வெளிய நின்னவன் நான். அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நின்னேன். இன்னொரு தடவ என்னால அப்படி நிக்க முடியாது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சின்ன வயசுக்காரர், அன்றைக்கு அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, நான் பார்த்தேன். எல்லாவற்றையும் வெளியிலிருந்து சாவியில்லாமல் திறக்கிற மாதிரிப் புதுப் பூட்டாக மாற்ற இல்லத்தில் வசதி இல்லை என்பதும் உண்மை. டீச்சர் உட்கார்ந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மதியம் அவருக்குத் தலை வாரிவிடும்போது கேட்டேன்.

"என்னதான் டீச்சரம்மா அந்தப் பூட்டுல? உள்ள என்ன புதையலா வச்சிருக்கீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "பொறந்ததுலருந்து நான் தனி ரூம்ல படுத்ததே இல்ல, தெரியுமா உனக்கு? அப்பா வீட்டுல ஹால்ல. அப்புறம் அண்ணன் வீட்டுல அவன் பிள்ளைங்களோட. யாரு வேணாலும் வருவாங்க, போவாங்க. புடவை மாத்தணும்னா குளியலறைக்குப் போகணும். அழணும்னாலும் அங்கதான். வேலை பார்த்தேன், பென்ஷன் வந்துச்சு, எல்லாம் வந்துச்சு. கதவு மட்டும் வரல. இங்க வந்தப்பறந்தான் மொதமொதலா உள்ள போய் எனக்குன்னு ஒரு கதவப் பூட்டினேன். பூட்டிட்டு என்ன பண்ணினேன்னு நினைக்கற? ஒண்ணும் பண்ணல. கட்டில்ல சும்மா உக்காந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக் கோளாறு. சீப்பை அப்படியே வைத்துவிட்டு நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன்.

"பூட்ட உடைக்காம, சாவியும் இல்லாம, சட்டுனு நான் திறந்து காமிச்சா? அப்பவும் பூட்ட எடுப்பீங்களா?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு, நீங்களா?"

"ஏன், என் கை என்ன களிமண்ணா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து அவருக்குச் சிரிக்கவும் ஏதாவது வேண்டியிருந்தது போல. "சரி. மாசக் கடைசி வரைக்கும் தச்சர நிறுத்தி வைக்கறேன். அதுக்குள்ள திறந்து காட்டுங்க, அப்பறம் பேசலாம்."

வீறாப்பாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான் யோசித்தேன். பூட்டாவது ஒன்றாவது! வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடியையே என் வீட்டுக்காரர்தான் திறந்து தருவார். வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையில ஊசியக் குடுத்தா ரெண்டா ஒடிக்கறவ நீ. பூட்டுக்குள்ள கம்பி விட்டுத் திறக்கப் போறியா? பூட்டுதான் பாவம்."

"கிண்டல் அப்பறம் பண்ணுங்க. பழகறதுக்கு ஒரு பூட்டு வேணும். விலை கம்மியா பாருங்க."

போனில் இருவரும் தலையோடு தலை முட்டித் தேடினோம். பழகுவதற்கென்றே உள்ளே இருப்பது எல்லாம் தெரியும்படி ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு, கூடவே கொக்கிக் கம்பிகளும். விலை ஒரு பிளவுஸ் தைக்கிற கூலிக்குள். வரவழைத்தோம்.

அடேயப்பா, அதில்தான் பூட்டின் வயிற்றையே பார்த்தேன். நடுவில் ஓர் உருளை. அதன் மேல் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பித்தளைப் பின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். பின்கள் இறங்கி உருளையைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சரியான சாவி போனால் ஒவ்வொரு பின்னும் தனக்குரிய உயரத்துக்கு ஏறும், உருளை திரும்பும். சாவி இல்லையென்றால், வளைந்த ஒரு பட்டைக் கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே, கொக்கிக் கம்பியால் பின்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஏறியது அங்கேயே நின்றுகொள்ளும். இதுதானா பிரமாதம் என்றிருந்தது. கண்ணால் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். திறந்துகொண்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன். ஒருத்தி அளவு கொடுக்க நின்றவள், அளவைக் கொடுக்க மறந்து கைதட்டிவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் மிச்சத் துணியில் ஒரு குட்டிப் பை தைத்தார். பூட்டை அதற்குள் போட்டு, சாவித்துளை மட்டும் வெளியே தெரியும்படி நூலை இழுத்துக் கட்டி நீட்டினார்.

"பூட்டுக்குச் சட்டை போட்டாச்சு. இப்பத் திற பார்ப்போம்."

திறக்கவில்லை. குத்தினேன், நிமிண்டினேன், வைதேன். ம்ஹூம். இத்தனை நாள் திறந்தது என் கண், கை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இல்லத்துக் கதவு கண்ணாடியிலா செய்திருக்கிறது? பூட்டைத் தூக்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டேன்.

அடுத்தது கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எதுக்கும்மா பூட்டு?"

"திறக்கறதுக்கு."

"எல்லாரும் பூட்டறதுக்குத்தான் வாங்குவாங்க."

"எனக்குத் திறக்கத்தான் வேணும். இருக்கறதுலயே விலை குறைச்சலா ஒண்ணு குடுங்க."

சந்தேகத்தோடுதான் கொடுத்தார். கோழிக் கூண்டுக்கு வாங்கிப் போவார்களாம் அதை. தகரம் போல எடையே இல்லாத ஒரு தொங்கு பூட்டு. வீட்டுக்கு வந்து கம்பியை விட்டு இரண்டு ஆட்டு ஆட்டினேன். டப்பென்று வாயைப் பிளந்தது. இன்னொரு தடவை, திரும்பவும் டப். கண்ணை மூடிக்கொண்டு செய்தேன், திறந்தது. சட்டை போட்ட பூட்டில் பட்ட அவமானம் எல்லாம் பறந்துவிட்டது. நான் பிறந்ததே இதற்குத்தான் என்று தோன்றியது.

மறுநாள் அதைச் சாப்பாட்டு ஹாலுக்குக் கொண்டுபோனேன். எல்லோர் எதிரிலும் திறந்தேன். கிழவர்கள் விசிலடித்தார்கள். மேனேஜர்கூட ஆச்சரியப்பட்டார்.

"சரி, அப்ப நிஜக் கதவுல பார்த்துடலாமா?"

"என் கதவுல பாருங்க," என்றார் டீச்சர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "ஒரே ஒரு நிபந்தனை. தட்டி, கூப்பிட்டு, நீதான்னு சொன்னப்பறந்தான் கை வைக்கணும். என்னிக்கும்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினார்.

நான் தட்டினேன், கூப்பிட்டேன், கதவு முன்னால் முட்டி போட்டேன். என் பின்னால் தாழ்வாரம் நிறைய ஆட்கள். கம்பியை விட்டு ஆட்டினேன். பூட்டு அசையவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினேன். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி எனக்குக் கையில் நல்ல வலு. அந்த வலுவை எல்லாம் போட்டேன். பட்டைக் கம்பி வளைந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. பின்னால் யாரோ இருமினார்கள். தச்சர் சுவரில் சாய்ந்துகொண்டு, "இதுக்கு என் உளியே தேவல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் டீச்சரே உள்ளிருந்து கதவைத் திறந்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவாயில்ல விடு. நீ இவ்வளவு பண்ணினதே பெருசு," என்றார். அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. அவர் விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணவில்லை. கோழிக்கூண்டுப் பூட்டை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே எல்லாம் கடகடவென்று ஆடியது.

"இது உன் திறமைக்குத் திறக்கல. அதுவா விழுந்துச்சு. இவ்வளவு லொடலொடன்னு இருக்கற பூட்டு உனக்கு என்ன கத்துக்குடுக்கும்? தப்பாப் பண்ணினாலும் ஆமாம்ங்குது. அதான் நீயும் ஆட்டிக்கிட்டே இருந்துட்ட."

"அப்ப விலை ஒசந்ததா வாங்கணுங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. ஒருத்தருக்குச் சட்டை தைக்கணும்னா வேற ஒருத்தர் அளவு எதுக்கு?"

அந்தப் பேச்சில்தான் எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. நான் இத்தனை நாளாக விலையைப் பார்த்தேனே ஒழிய, எந்தக் கதவைத் திறக்க வேண்டுமோ அந்தக் கதவில் இருக்கும் பூட்டு எப்படிப்பட்டது என்று பார்க்கவே இல்லை. எனக்கு வேண்டியது அதே ஜாதிப் பூட்டு. தப்பாகச் செய்தால் திறக்கக் கூடாது, ஆனால் கழற்றி மாட்டவும் முடிய வேண்டும். புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது.

அது கிடைத்த இடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். இல்லத்துப் பின்கட்டில் தச்சர் பெஞ்சு ஓரத்தில் ஒரு பெயிண்ட் டப்பா கிடக்கும். நடந்துபோகும்போது தினமும் காலால் இடித்துக்கொள்வேன். அன்றைக்கு இடித்தபோது குனிந்து பார்த்தேன். உள்ளே கேப்டன் கதவின் பூட்டு, டீச்சர் கதவில் இருக்கும் அதே ஜாதி! வெளிக் கைப்பிடி சுத்தியலடியில் நசுங்கியிருந்தது. சாவித்துளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கேப்டனின் சாவியைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அருமையாகத் திரும்பியது.

"இத என்ன பண்ணப் போறீங்க?"

"பித்தளை எடைக்குப் போடுவேன்," என்றார் தச்சர்.

"எனக்குக் குடுங்க. எடைக்கு என்ன வருமோ தந்துடறேன்."

"ஒரு டீ வாங்கிக் குடு, எடுத்துக்கோ. அன்னிக்குச் சிரிச்சேன்ல, அதுக்கும் சேர்த்து."

டீயோடு ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தேன். ஊரிலேயே விலை குறைந்த பழகு பூட்டு அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் என் வீட்டுக்காரர் அதைத் தையல் மேஜை விளிம்பில் இறுக்கிப் பிடித்து, மேல் தகட்டை நெம்பினார். படக்கென்று ஸ்பிரிங் எல்லாம் துள்ளிப் பறந்தன. பின்கள் உருண்டு ஓடின. ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார். காந்தத்தில் தொலைந்துபோன ஊசிகளாக வந்து ஒட்டின, பின் ஒன்றுகூட ஒட்டவில்லை.

"பித்தளை காந்தத்துல ஒட்டாதுங்க!"

"அத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கே இப்பத்தான தெரியும்!"

இரண்டு பேரும் மிஷினுக்கடியில் படுத்து, கத்தரித்த துணித் துண்டுகளை உதறி உதறிப் பொறுக்கினோம். தலையும் தலையும் முட்டிக்கொண்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எல்லாம் கிடைத்தது. ஆனால் எல்லாவற்றையும் திரும்பப் போடவில்லை. ஒரே ஒரு பின்னை மட்டும் போட்டு மூடினார். "மொதல்ல இந்த ஒருத்தனோட பழகு," என்றார்.

ஒருவனே என் பிராணனை வாங்கினான். எவ்வளவு பலமாகத் திருப்பிப் பிடித்தேனோ அவ்வளவு பிடிவாதமாக நின்றான். மறுநாள் கேப்டனுக்கு உடம்பு துடைக்கும்போதுதான் காரணம் புரிந்தது. அவர் வலி பயத்தில் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார். புதிதாக வரும் பெண்கள் அந்த விரலைப் பிடித்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க அவர் பிடி இறுகும். நான் இழுக்க மாட்டேன். என் கையை அவர் கைமேல் வெறுமனே வைத்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் விரல் தானாக விடும். அட மக்கே, இது தெரிந்த நான் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேனே!

அன்று வீட்டுக்குப் போய்ப் பட்டைக் கம்பியின் மேல் விரலை வெறுமனே வைத்தேன். அழுத்தவில்லை, வைத்தேன், அவ்வளவுதான். கொக்கியால் பின்னை மெல்ல ஏற்றினேன். எங்கோ உள்ளே 'தக்' என்று ஓர் அசைவு. காதுக்குக் கேட்டதா விரலுக்குக் கேட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. உருளை திரும்பியது. நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் தையலைக் கோணலாக ஓட்டிவிட்டார்.

பிறகு இரண்டு பின், மூன்று பின் என்று ஏற்றிக்கொண்டே போனோம். முழுவதும் போட்ட பிறகும் திறந்தேன். அவர் விடவில்லை. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிடும் என்று பின்களைக் கலைத்து இடம் மாற்றிப் போட்டுக் கொடுத்தார். அதையும் திறந்தேன். மனுஷர் என்னைக் கிண்டல் செய்யாத நேரத்தில் தங்கம். ஒரு நாள் பூட்டைக் கையில் வாங்கி, "உன் கை இப்ப என் கைய விட மேல்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அது.

இந்தத் தடவை நான் யாரிடமும் காட்டவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். மேனேஜரிடம் மட்டும், "இன்னொரு தடவ பாருங்க சார்," என்றேன். அவர், "பார்க்கலாம், பார்க்கலாம்," என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

மாதம் முடிந்தது. தச்சர் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து பூட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். கழற்றிய கதவுகளில் வட்ட வட்டமாக ஓட்டை. அறைக்காரர்கள் ஓட்டைக்குள் துணியைச் சுருட்டி அடைத்தார்கள். அதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் மட்டும் காலையிலிருந்து வெளியே வரவில்லை. கதவு பூட்டியிருந்தது. கோபத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டோம்.

டீ கொண்டுபோனவள் ஓடிவந்தாள். "அக்கா, உள்ள ஏதோ விழுந்த மாதிரி கேட்டுச்சு. கூப்பிட்டா பேச்சே இல்ல!"

நான் போவதற்குள் மேனேஜர் அங்கே நின்றார். முகம் வெளுத்திருந்தது. கதவை இரண்டு கையாலும் அடித்தார். பதில் இல்லை.

"உடைங்க! சீக்கிரம், உடைங்க!"

தச்சர் உளியோடு வந்தார். நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நகருங்க," என்று மேனேஜர் கத்தினார். "இது விளையாடற நேரமா?"

"அந்த உளி இந்தக் கதவ இடிச்சுத் தள்ளும். உள்ள அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அவரு உளியச் சரியா வைக்கறதுக்குள்ள நான் திறந்துடுவேன். திறக்கலேன்னா என்னையும் சேர்த்து உடைங்க!"

அவர் பதில் சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. முட்டி போட்டுவிட்டேன். தட்டினேன். "டீச்சரம்மா, நான்தான், பட்டாசு. கதவத் திறக்கறேன்," என்று உரக்கச் சொன்னேன். பின்னால் மேனேஜர் பல்லைக் கடித்தார். வாக்கு வாக்குதானே?

பட்டைக் கம்பியை விட்டு விரலை வெறுமனே வைத்தேன். மூச்சை விட்டேன். முதல் பின் தளர்வாக ஆடிக்கொண்டிருந்தது, அதன் முறை இன்னும் வரவில்லை என்று விட்டுவிட்டேன். மூன்றாவதுதான் முறுக்கிக்கொண்டு நின்றது. அதை ஏற்றினேன். தக். அப்புறம் முதலாவது, தக். அடுத்தது வழுக்கிவிட்டது. திரும்ப மெதுவாக. "ஆச்சா?" என்றார் தச்சர் காதோரத்தில். கடைசிப் பின் ஏறியதும் உருளை விரலுக்கடியில் வெண்ணெயாகத் திரும்பியது.

கதவைத் தள்ளினேன். ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. எதிலோ இடித்தது. இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தேன்.

டீச்சர் கதவை ஒட்டியே விழுந்து கிடந்தார். வெளியே வரத்தான் எழுந்திருக்கிறார் போல. தலை கதவடியில், நெற்றியில் ரத்தம். கையை விட்டு அவர் தோளைத் தாங்கி, மெதுவாக நகர்த்தி, உடம்பை ஒருக்களித்து நான் உள்ளே நுழைந்தேன். மூச்சு இருந்தது. என் கையில் நாடி பேசியது.

இடுக்கு வழியாகத் தச்சரும் பார்த்தார். டீச்சரின் தலை இருந்த இடத்தைப் பார்த்தார், தன் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார். சத்தமில்லாமல் அதைத் தரையில் வைத்தார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தது என்றார்கள். நெற்றியில் தையல் போட்டு, ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் மதியம் அனுப்பினார்கள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவர் தாழ்வாரத்தில் வந்தபோது, எல்லோரும் தங்கள் ஓட்டைக் கதவுகளின் முன்னால் வந்து நின்றார்கள். மீதிப் பூட்டுகளைக் கழற்றச் சொல்லி மேனேஜர் இன்னும் சொல்லவில்லை. கழற்றியதை மாட்டச் சொல்லியும் சொல்லவில்லை. அவரும் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகு இனி அந்தப் பொத்தானை அமுக்க அவருக்கே தைரியம் வருமா?

"டீச்சரம்மா," என்றார் மேனேஜர் தணிந்த குரலில். "இனிமே பூட்டாம இருந்துடுங்களேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டீச்சர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவ பகல்லதான இருப்பா. ராத்திரிக்கு யாரு?"

"நைட் ஷிஃப்ட்காரிக்கும் நான் பழக்கி விடறேன்," என்றேன். "பழகறதுக்குக் கேப்டன் பூட்டு இருக்கே."

"சரி. அவ கத்துக்கற வரைக்கும் ராத்திரி வெறுமனே சாத்திக்கறேன். பகல்ல பூட்டுவேன்." கணக்கு முடிந்தது என்பது போலத் தலையை ஆட்டினார்.

அவரைக் கட்டில்வரை கொண்டுபோய் விட்டேன். தண்ணீரும் மாத்திரையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். போர்வையை விரிக்கப் போனேன்.

"நீ போ," என்றார்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே வாக்கர் தரையில் ஊன்றி ஊன்றி வரும் சத்தம் கேட்டது. கதவருகே வந்து நின்றது.

பொத்தான் 'டொக்' என்று உள்ளே போனது.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தச்சர் பக்கம் திரும்பினார். "எடுத்ததெல்லாம் திரும்ப மாட்டிடுங்க. இன்னிக்கே." நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கதவு பூட்டியதற்கு இத்தனை பெருமைப்பட்ட பொம்பளை உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

"பட்டாசு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அங்கதான் நிக்கறியா?"

"ஆமா டீச்சரம்மா."

"அப்பச் சரி," என்றார். வாக்கர் திரும்பிக் கட்டில் பக்கம் போனது.